டிரம் மேகசின் (ஷாட்கன்)

ஷாட்கன் தோட்டாக்களை வட்டமாக அடுக்கி வைக்கும் உருளை வடிவக் கூடு. பெட்டி மேகசினில் சுருள்வில் தோட்டாக்களை நேராக மேலே தள்ளும். டிரம்மிலோ சாவி கொடுத்த கடிகாரத்தில் இருப்பதுபோன்ற சுருட்டிய வில், நடுவிலுள்ள சுழலியைத் திருப்பும். சுழலியின் கைகள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வாய்ப்பகுதிக்குக் கொண்டுவர, துப்பாக்கியின் முன்னேறும் போல்ட் (தோட்டாவைத் தள்ளும் பாகம்) அவற்றை ஒவ்வொன்றாக உருவிச் சுடும் அறைக்குள் செலுத்தும்.

ஷாட்கன் தோட்டாவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் புடைத்த விளிம்பு உண்டு. பெட்டியில் ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். தனித்தனிக் குழிகள் கொண்ட டிரம்மில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், பிளாஸ்டிக் உறை நெடுநாள் அழுத்தத்தில் நசுங்கினால் தோட்டா அறைக்குள் சரியாக நுழையாது.

1972இல் அமெரிக்கரான மேக்ஸ்வெல் அட்சிசன் உருவாக்கிய தானியங்கி ஷாட்கனின் வழிவந்தது ஏஏ-12. இதற்கு 8 தோட்டாப் பெட்டியும் 20 தோட்டா டிரம்மும் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 300 தோட்டா வேகத்தில் டிரம் நான்கே நொடிகளில் காலியாகிவிடும். தென்கொரியாவின் டேவூ தயாரித்த யூசாஸ்-12க்கும் 20 தோட்டா டிரம் இருந்தது. கொள்ளளவு கவர்ச்சிதான்; ஆனால், 12 கேஜ் தோட்டாக்கள் இருபது சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ, அதுவும் துப்பாக்கியின் அடியில் தொங்கும்.