பிரம்பும் மணலும்: வகுப்பறை வரலாறு தரும் பாடம்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் ஆதரவால் ஆசிரியப் பயிற்சி பெற்று வெளிவரும் இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, "ஐயா, வகுப்பை அடக்குவது எப்படி?" என்பதே. அதற்கு விடை நம் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் அடக்கம் என்பது அச்சத்தின் மறுபெயராக இருந்தது. பிரம்படியோடு, மேலே கட்டிய கயிற்றில் மாணவனைத் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் உண்டு. எனினும் அப்பள்ளிகளில் போற்றத்தக்க வழக்கம் ஒன்றும் இருந்தது. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகினர். முன்னே கற்றவன் சட்டாம்பிள்ளையாகி, பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்க்கான இல்லத்தை 1789முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார், ஒருநாள் குதிரைமீது செல்லுகையில் மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் கையாளச் சொன்னபோது, அங்கிருந்த ஆசிரியர் இயலாது என்றார். பெல் அப்பொறுப்பை ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. பொறுப்புத் தரப்பட்ட பிள்ளை தானும் கற்கிறான், பிறரையும் கற்பிக்கிறான் என்பதே அதன் சாரம்.

ஆனால், உலகுக்கு வழிகாட்டிய அத்திண்ணைகளில் நம் முன்னோர்க்கு இடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. இடம் கிடைத்த பின்னரும் நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு, நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரே சான்று. கோயம்புத்தூரில் கல்வி பயின்றபோது, தம் சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து படித்ததையும், வகுப்பு முடிந்ததும் பிறர் நெருங்குமுன் வீட்டுக்கு விரைந்ததையும், பிற பிள்ளைகளோடு விளையாட இயலாத துயரையும் 1939இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவர் பதிவு செய்துள்ளார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவரும், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தவருமான அப்பெருமகனார், வகுப்பறையில் வாய் திறவாத மாணவராகவே காட்சியளித்திருப்பார்! அமைதியாக இருக்கும் பிள்ளையெல்லாம் அடக்கமுள்ள பிள்ளை என்று கொள்வது எத்துணைப் பிழை!

பரங்கிமலையில் பிறந்த எம்.சி. இராஜா, சட்டமன்ற உறுப்பினராகும் முன்னர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆர். ரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து, ஆட்டமும் பாட்டுமாய்க் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நூலொன்றையும் அவர் ஆக்கினார். அரசியலில் உரிமை கேட்டவர், மழலையர் வகுப்பில் மகிழ்ச்சியையும் கேட்டார் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அறியுமுன் நாமும் பிரம்பெடுத்தவரே. பணியேற்ற முதலாண்டில், மாமல்லபுரக் கடற்கரையை அடுத்த சிற்றூர்ப் பள்ளியில், கேள்விக்கு விடை கூறாத கல்லுடைக்கும் தொழிலாளியின் மகனைப் பலமுறை வெளியே நிறுத்தினோம். பல்லவர் பாடம் நடத்திய அன்று, பாறையில் வரிசையாகக் காணும் குழிகளைப் பற்றி வகுப்பைக் கேட்டோம். அச்சிறுவன் எழுந்து, குழியில் ஆப்பு அறைந்து கல்லைப் பிளக்கும் விதத்தைத் தயங்காமல் விளக்கினான். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அன்று நாம் நாணினோம். அவனிடம் விடை இல்லாமலில்லை. அவன் அறிந்ததை நாம் கேட்கவில்லை.

இன்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துள்ளது. ஆனால் சட்டம் பிரம்பைப் பிடுங்கலாம். அன்பை ஊட்ட இயலாது. ஆதலின் புதிதாய்ப் பணியேற்கும் இளைஞர்களே, முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவன் பெயரையும் மனத்தில் இருத்துங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஒரு பொறுப்புத் தாருங்கள். ஆனால், பெருக்குவதும் தண்ணீர் சுமப்பதும் குறிப்பிட்ட பிள்ளைகளின் பங்காகிவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டுத் தொழிலை இழிவாகப் பேசாமல், அதில் அவன் பெற்ற அறிவைப் பாடத்திற்குள் அழைத்து வாருங்கள். மணி அடிக்கும்வரை வெளியே நிற்கும் பிள்ளை உங்கள் பள்ளியிலும் இருக்கக்கூடும். அவனை முதலில் உள்ளே அழையுங்கள்; வகுப்பு தானே அடங்கும்.