நம் வீதிக்கு எந்தச் சில்லு? ஒரு சப்பாத்தின் 250 வருடக் கதை



போன கிழமை இடைவேளையில் தரம் 10 மாணவன் ஒருவன் வந்து நின்றான்.

"சேர், வாப்பா டிசம்பர்ல கட்டார்ல இருந்து வாராரு. இன்லைன் ஸ்கேட் ஒன்னு கேட்டிருக்கேன். எது வாங்கணும்னு கேட்கிறாரு. சேர்தானே ஸ்கேட் ஓடுறீங்க, சொல்லுங்க."

கூடவே ஃபோனில் ஒரு வீடியோவும் காட்டினான். மூன்றே மூன்று பெரிய சில்லுகள். பார்க்க அழகுதான். "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாப்பா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருபவர். உழைத்த காசில் வாங்கி, பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டு வரப்போகிறார். பிழையாக வாங்கினால் மாற்ற வழியில்லை. நான் படிப்பிப்பது வரலாறு. அதனால் என் பதிலும் வரலாற்றிலிருந்துதான் தொடங்கும். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் வாங்கும் விஷயத்துக்கும் வருகிறேன்.

1760கள். இங்கே கண்டியில் கீர்த்தி சிறி ராஜசிங்கனின் ஆட்சி. அங்கே லண்டனில் ஜோன் ஜோசப் மெர்லின் என்று ஒருவர். இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஹுய் நகரில் பிறந்தவர். கடிகாரம், இசைக்கருவி என்று எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்த மனிதர். சோஹோவிலுள்ள கார்லைல் மாளிகையில் நடந்த முகமூடி விருந்துக்கு, தானே செய்த சில்லுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடி உள்ளே உருண்டு வந்தாராம். வந்தவருக்கு நிறுத்தவும் தெரியவில்லை, திருப்பவும் முடியவில்லை. 500 பவுணுக்கு மேல் பெறுமதியான நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடியும் தூள், வயலினும் தூள். அவருக்கும் பலத்த காயம் என்று பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேட் வரலாற்றின் முதல் பாடம் இதுதான்: ஓடுவது பெரிய காரியமல்ல, நிற்பதுதான் காரியம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1819இல், பாரிஸில் பெத்திபிளெட் என்பவர் ஒரு ஸ்கேட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். மூன்று சில்லுகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். ஆம், இன்லைன் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல, அதுதான் பழையது! 1823இல் லண்டனில் ரொபர்ட் ஜோன் டையர்ஸ் ஐந்து சில்லு வைத்தார். திரும்புவதற்கு இலகுவாக நடுச் சில்லைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.

பிறகு ஏன் இவை வீதிக்கு வரவில்லை? வீதியைப் பாருங்கள், பதில் கிடைக்கும். அதே 1820களில்தான் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் பஸ்ஸில் போகும்போது நாம் பார்க்கும் கோபுரம் அவர் நினைவாகக் கட்டியதுதான். அன்றைய பாதை மாட்டு வண்டிக்கானது. பாரிஸ் ஸ்கேட்டை அதில் வைத்திருந்தால் இரண்டு அடி உருண்டிருக்காது. லண்டன், பாரிஸ் வீதிகளும் கல் பதித்தவைதான். மரத்திலும் உலோகத்திலும் செய்த சின்னச் சில்லுக்கு அங்கே என்ன வேலை? ஆகவே ஸ்கேட் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்குள் நேராக ஓடினால் போதாது, வளைய வேண்டும். சுவர் வந்துவிடுமே! 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சில்லு வைத்து, இடையில் ரப்பர் மெத்தை கொடுத்தார். உடம்பைச் சாய்த்தால் ஸ்கேட் தானாக வளையும். அவ்வளவுதான், ஊரெங்கும் மரத்தள ஸ்கேட்டிங் மண்டபங்கள் முளைத்தன. வரிசைச் சில்லை உலகம் ஏறக்குறைய மறந்தே போனது. பிளிம்டன் பயன்படுத்திய ரப்பர் நம் நாட்டினுடையதல்ல. கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடவுக்கு ரப்பர் கன்று வந்தது அதற்குப் பிறகு, 1876இல்தான்.

வரிசைச் சில்லு திரும்பி வர இரண்டு விஷயங்கள் மாற வேண்டியிருந்தது.

ஒன்று, தரை. 20ஆம் நூற்றாண்டில் நகர வீதிகளுக்குத் தார் வந்தது. இன்னொன்று, சில்லு. 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயரும் அவரது குழுவினரும் பொலியுரேதேன் என்ற பொருளை உருவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்தி என்ற அமெரிக்க இளைஞர் அதைச் சறுக்குப் பலகையின் சில்லாக்கி விற்றார். இரும்பு போல் அதிராது, சாதாரண ரப்பர் போல் இழுவையும் இல்லை. 1980இல் மின்னெசோட்டாவில் ஸ்கொட் ஒல்சன், பிரெனன் ஒல்சன் என்ற சகோதரர்களுக்கு ஒரு பழைய வரிசைச் சில்லு ஸ்கேட் கண்ணில் பட்டது. ஐஸ் ஹொக்கி ஆடுபவர்கள். பனி இல்லாத காலத்தில் வீதியில் பயிற்சி செய்ய அதைத் திருத்தி எடுத்தார்கள். ரோலர்பிளேட் பிறந்தது அப்படித்தான்.

இந்தக் கதை முழுவதிலும் மனிதனின் கால் மாறவேயில்லை. மாறியது தரை. தரை மாற மாறச் சில்லு மாறியது.

இப்போது மாணவன் காட்டிய வீடியோவுக்கு வருவோம். அதில் ஓடியவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஒருவர். பெண்கள் அணியும் அதே நாளில் வெண்கலம் எடுத்தது. அதில் சென்னைப் பிள்ளைகள் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இருந்தார்கள். 2025 செப்டெம்பரில் சீனாவில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் ஆனந்த்குமார் 1000 மீற்றர் ஸ்ப்ரிண்டில் தங்கமே வென்றார். தமிழ்ப் பிள்ளை உலக சம்பியன் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஆசை வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் அவர்கள் ஓடுவது பந்தயத்துக்கென்றே தயாரித்த தரையில். பந்தய ஸ்கேட்டில் பொதுவாகப் பிரேக்கே இருக்காது. சப்பாத்தும் கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். அதை மாட்டிக்கொண்டு கண்டியின் இறக்கத்தில் இறங்கினால் மெர்லினின் கண்ணாடி நமக்காகக் காத்திருக்கும், பஸ் வடிவில்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். போன வருடம் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். ஓடினால் முழங்கால் வலிக்கிறது என்பதால் ஸ்கேட் யோசனை வந்தது. டவுனில் ஒரு கடையில் விலை குறைவாக ஒரு சோடி வாங்கினேன். பொலியுரேதேன் என்றார்கள், ஓடிப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக். போதாக்குறைக்கு ஒரு சைஸ் பெரிது. ராஜபிஹில்ல மாவத்தை இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன், சப்பாத்துக்குள் குதிகால் எழும்பியது, பிரேக் தரையில் சரியாகப் படவில்லை. வலது மணிக்கட்டில் ஆறு கிழமை பிளாஸ்டர். இடது கையால் நான் போர்டில் எழுதிய எழுத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தரையையும் பிரேக்கையும் பற்றிக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டது நான்.

ஆகவே அந்த வாப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்.

1. பிரேக். குதிகாலில் ரப்பர் பிரேக் கட்டாயம். மாற்றுவதற்கு மேலதிக ரப்பர் துண்டு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அது தேயும், இங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம்.

2. சில்லின் அளவு. த்ரீவீல் சில்லு விழுகிற குழியைப் பஸ் சில்லு கவனிப்பதேயில்லை. அதேபோல் சில்லு பெரிதானால் சின்னக் கல்லைத் தாண்டிப் போகும். ஆனால் பெரிதாக ஆகக் கால் தரையிலிருந்து உயரும், வேகம் கூடும், நிறுத்துவது கஷ்டமாகும். பழகுகிறவருக்கு 80 அல்லது 84 மில்லிமீற்றர், நான்கு சில்லு போதும். 110 இப்போது வேண்டாம்.

3. சில்லின் பொருள். பொலியுரேதேன் என்று பார்த்து வாங்க வேண்டும். கடினத்தைச் சில்லிலேயே 82A, 85A என்று அடித்திருப்பார்கள். எண் குறைந்தால் மென்மை: அதிர்வு குறையும், சீக்கிரம் தேயும். நம் வீதி எல்லாம் காபட் அல்ல. 85Aக்கு மேல் போக வேண்டாம்.

4. அளவு. நம் வாப்பாமார் எல்லோருக்கும் ஒரு பழக்கம், "வளர்ற கால்தானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. பாடசாலைச் சப்பாத்துக்குச் சரி, ஸ்கேட்டுக்கு ஆபத்து. நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்னால் லேசாகப் பட வேண்டும். முழங்காலை மடித்தால் விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது.

5. பெயாரிங். ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெயாரிங் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டது என்பதற்கான அளவு அது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கண்டி மழையில் நனைந்தால் அன்றே துடைத்துக் காயவைப்பதுதான் முக்கியம்.

6. மிச்சம் பிடித்த காசில் ஹெல்மட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால், முழங்கைக் காப்பு. மணிக்கட்டுக் காப்பை அடிக்கோடிட்டு எழுதினேன். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஓடும் இடம்? நம் ஊர் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம். சமதரை என்றால் வாவிக்கரைதான். சுற்றி வந்தால் 3 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் ஸ்கூல் வேன்கள் வரத் தொடங்கினால் அது ஸ்கேட்டுக்கான இடமல்ல. முதலில் நெட்போல் கோர்ட்டில், சொன்ன இடத்தில் நிற்கப் பழக வேண்டும். பிறகு சுபஹுக்குப் பிறகு, வாகனம் வருமுன், பெரியவர் ஒருவரோடு. மழை பெய்த வீதியும் வெள்ளைக் கோடும் வழுக்கும். நிற்கத் தெரியாதவரை எந்த இறக்கமும் வேண்டாம்.

பாடசாலை விட்ட பிறகு அவனை ஒரு தாளில் நிற்க வைத்து இரண்டு காலையும் வரைந்தோம். வலது 25.5 சென்ரிமீற்றர், இடது 26. பெரிய காலைத்தான் கணக்கெடுக்க வேண்டும். படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்பினான்.

லிஸ்டை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டான்: "சேர், கலர் பத்தி ஒன்னுமே எழுதலையே?"

அதை மட்டும் நீயே தெரிவு செய்துகொள் மகன் என்றேன்.

அவன் வாப்பா நல்லபடியாக வந்து சேர துஆ செய்யுங்கள்.