துண்டு

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளரைப் பார்க்க நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி: "துண்டு வெட்டிட்டாங்களா?" வெளியூர்க்காரர் கேட்டால் மிரண்டு போவார். நோயாளியை வீட்டுக்கு அனுப்ப டொக்டர் கையெழுத்து வைத்துவிட்டாரா என்பதுதான் விஷயம். பக்கத்து பார்மசியில் ஒரு சிங்கள அம்மா 'பெஹெத் துண்டுவ'வை நீட்டி மருந்து கேட்பார். மருந்துச் சீட்டுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பேர். நம் துண்டு அங்கே 'துண்டுவ' ஆகிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு இதே மலைகளில் இன்னொரு பிழைப்பும் இருந்தது. விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்திலும் அவர் மகன் ஏழாம் எட்வர்ட் காலத்திலும் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் இதை மொழிபெயர்க்காமல் 'டுண்டு' என்றே தங்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். சட்டப் புத்தகம்வரை போன சொல் இது.

வேரைப் பார்த்தால் எல்லாம் வெட்டுத்தான். துணிதல் என்றால் வெட்டுப்படுதல். தறியிலிருந்து வெட்டி எடுத்தது துணி, அறுத்துப் போட்டது துண்டம். மனசுக்குள் தயக்கத்தை வெட்டினால் துணிவு. தோளில் கிடப்பதும் துண்டு, கிழித்த கடதாசியும் துண்டு.

தோட்டத்துத் துண்டும் அப்படி ஒரு கடதாசிதான். ஆட்களைத் திரட்டி நடத்தும் இன்ன கங்காணி, அவன் கூட்டத்தில் இத்தனை ஆட்கள், அவர்கள் பேரில் நிற்கும் கடன் இத்தனை ரூபாய், இந்தப் பணத்தைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம். கீழே துரையின் கையெழுத்து. அவ்வளவுதான். கங்காணிக்குப் பெயர் இருக்கும். கொழுந்து பறிக்கிறவளும் கவ்வாத்து வெட்டுகிறவனும் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை.

இந்தக் கடன் எங்கிருந்து வந்தது? திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி ஆள் பிடிக்கும்போதே முன்பணம் கொடுத்தான். வழிச்செலவு, சோறு, கம்பளி என்று அதன்மேல் ஏறியது. கூலி கங்காணிக்குக் கடன்காரன், கங்காணி தோட்டத்துக்குக் கடன்காரன். அதனால் கூட்டம் கலையாமல் இருப்பதில் கங்காணிக்கும் துரைக்கும் ஒரே அக்கறை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நின்றால் நின்ற தலைகளுக்குக் கங்காணிக்குத் 'தலைக்காசு' வேறு.

கோப்பி இருந்தவரை இது இவ்வளவு இறுகவில்லை. கோப்பி பறிப்பு பருவ வேலை. மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. சுமார் இருபது வருஷத்தில் மலையெல்லாம் தேயிலை. தேயிலைக்குக் கொழுந்து வருஷம் முழுக்க வரும், ஆளும் வருஷம் முழுக்க வேண்டும். துண்டுக்கு மவுசு வந்தது அப்போதுதான்.

சட்டப்படி பார்த்தால் இலங்கைத் தோட்டக்கூலி பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்களைப்போல ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கட்டுண்டவன் அல்ல. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்லித் துரைமார் பெருமைப்பட்டதும் உண்டு. ஆனால் துண்டு இல்லாத ஆளை அடுத்த தோட்டம் எப்படிச் சேர்க்கும்? சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறை. வெட்டு என்ற வேரிலிருந்து பிறந்த சொல் மனிதனைக் கட்டிப்போடப் பயன்பட்டது.

கெட்டிக்காரக் கங்காணி இந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு மலைக்கு மலை ஏறுவான். ஆள் பஞ்சமான தோட்டம் பழைய கடனைக் கட்டி, மேலே புதிதாக முன்பணமும் தரும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் துண்டில் எழுதும் தொகை ஏறிக்கொண்டே போனது, இறங்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் ஆளை இழுத்துவிட்டான் என்று துரைமார் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். 1854இல் கண்டியில் தொடங்கிய அவர்களின் சங்கத்துக்கு இது தீராத தலைவலி. திட்டிய கையாலேயே மறுநாள் இன்னொரு துண்டுக்குப் பணம் கட்டினார்கள் என்பது வேறு கதை.

சொல்லாராய்ச்சியில் எனக்குச் சுவையாகப்படுவது இந்த இடந்தான். தோட்டத்தில் பல சாமான்களுக்குப் பெயர் ஆங்கிலத்திலிருந்து இறங்கியது: லயம் (line), செக்ரோல் (check roll), பெரட்டு (parade). துரை கொண்டுவந்த ஏற்பாட்டுக்குத் துரையின் சொல். துண்டும் கங்காணியும் எதிர்த்திசையில் ஏறின. கையெழுத்து துரையுடையது, வியாபாரம் நடந்தது தமிழில், நடத்தியவன் தலைப்பாகையும் கோட்டும் போட்ட கங்காணி. சந்தை எந்த மொழியில் கூடியதோ அந்த மொழியின் சொல்தான் நின்றது.

1900க்குப் பின் அரசாங்கம் ஒரு தகரத்தையும் சேர்த்தது. தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகரச் சீட்டு, கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி விடுவார்கள், செலவைப் பிறகு தோட்டத்திடம் வாங்கிக்கொள்வார்கள். வரும்போது தகரம், இடம் மாறும்போது துண்டு.

துரைக்கும் துண்டு கிழிந்தது உண்டு. கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை 1892இல் தோட்டத்து முதலாளிகள் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் போக மறுத்தார். அந்த வருஷம் மே மாதமே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கண்டி மகியாவை மயானத்தில் கல்லறை இருக்கிறது. அவரை விடுவிக்க யாரும் கடன் கட்ட வேண்டியிருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

இந்தியாவிலிருந்து நெருக்குதல் ஏறிய பிறகு, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. அதன் இடத்தில், வேலையை விட்டு நிறுத்தும் சீட்டுக்கு லயத்து வாயில் 'பத்துச்சீட்டு' என்ற பேர் நின்றது. பற்றுச்சீட்டுத்தான் பேச்சில் அப்படி ஆனது. துண்டு வந்தால் கூட்டமாக மூட்டை கட்டினார்கள், போக ஒரு தோட்டம் இருந்தது. பத்துச்சீட்டு வந்தால் ஒரு குடும்பம் மட்டும் லயத்துக் காம்பராவைக் காலி செய்து, சட்டி பானையோடு ரோட்டில் நின்றது.