நரோரா 1993: அணு உலை நின்ற பிறகும் 17 மணி நேரம் நீடித்த ஆபத்து

மான்குர்டிலிருந்து வாஷிக்கு ஹார்பர் லைன் ரயிலில் போகிறவரா நீங்கள்? பாலத்தில் ஏறியதும் வலது பக்கம் கரையோரம் டிராம்பே குன்று தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம். ‘அங்கே ஏதாவது ஆச்சுன்னா நம்ம கதி?’ என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு முன், இந்தியாவில் ஒரு அணு உலை பேரழிவின் விளிம்பு வரை போன கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நரோராவில் என்ன நடந்தது?

உத்தரப் பிரதேசத்தில், கங்கைக் கரையில் இருக்கிறது நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. முதல் அலகின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் உடைந்தன. இயந்திரம் சமநிலை இழந்து கடுமையாக அதிர, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மசகு எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. ஊழியர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் என்ன பயம்?

கேஸ் அடுப்பைத் திருகினால் நெருப்பு போய்விடும். அணு உலை அப்படியல்ல. அணுப்பிளவு நின்ற பிறகும், எரிபொருளில் சேர்ந்துள்ள கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்து வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் சுமார் 6 சதவீதம். அந்த வெப்பத்தை வெளியேற்றத் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

நரோராவில் வழக்கமான மின்சாரக் கேபிள்களும் அவசரகாலக் கேபிள்களும் போதிய தீத்தடுப்பு இல்லாமல் அருகருகே போயிருந்தன. இரண்டும் எரிந்தன. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் பயனில்லை; 17 மணி நேரம் நிலையம் இருளில் கிடந்தது. கட்டுப்பாட்டு அறையைப் புகை சூழ்ந்தது. சிலர் டார்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, தொடர்வினை மீண்டும் தொடங்காமலிருக்க போரான் கரைசலைக் கையாலேயே திறந்துவிட்டார்கள். தீயணைப்புக்கான டீசல் பம்புகளின் தண்ணீரை நீராவி ஜெனரேட்டர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். உலை உருகவில்லை, கதிரியக்கம் வெளியேறவில்லை. 7 படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் இது 3-ஆம் படி.

(கேபிள் பாடம் புதிதும் அல்ல. 1975-இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், காற்றுக் கசிவு பார்க்க ஏற்றிய ஒரு மெழுகுவர்த்தி கேபிள்களை எரித்தது. 18 வருஷம் கழித்தும் நாம் அதைப் படித்திருக்கவில்லை.)

ஃபுகுஷிமாவில் 2011-இல் அதிர்ஷ்டம் கைவிட்டது. நிலநடுக்கத்தில் உலைகள் ஒழுங்காகவே நின்றன; பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடிக்க, மூன்று உலைகள் உருகின. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு, அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின் 8 நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக 30 வருடம் ஆகும். ஊர் திரும்ப முடியாமல் போவது அதனால்தான்.

சரி, டிராம்பே?

இங்கே இருப்பவை ஆராய்ச்சி உலைகள். துருவா உலையின் வெப்பத் திறன் 100 மெகாவாட். வெடித்த செர்னோபில் உலைக்கு 3,200. எனவே ‘மும்பையில் ஒரு செர்னோபில்’ என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம். ஆனால் எரிபொருள் மறுசுழற்சி ஆலையும் அங்கேதான் இருக்கிறது, சுற்றிலும் நெரிசலான நகரம்.

கவலைப்பட வேறொரு விஷயமும் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் அனுசக்தி நகரில், செம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் சோதிக்கும் வாரியம் அது. பக்கத்து வீடான பாபா மையத்தைச் சோதிக்கும் அதிகாரம் மட்டும் 2000-இல் அதனிடமிருந்து எடுக்கப்பட்டு, மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுக்கப்பட்டது.