ஆலங்காயம் யாரோட கணக்குல வருது? ஜில்லா போர்டு முதல் திருப்பத்தூர் மாவட்டம் வரை

போன எபிசோடு முடிஞ்சதும் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "அமெரிக்க சீரியல்ல எல்லாம் 'கவுன்டி'னு ஒண்ணு வருதே, ஷெரிஃபை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்களே, நம்ம ஊர்ல அது எது?" ஒரு வரியில 'மாவட்டம்'னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அப்படிச் சொன்னா பாதிப் பொய் ஆயிடும். அதனால இன்னைக்கு ஒரு சின்ன ஊரைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கதையைப் பார்ப்போம்.

ஊர் பேர் ஆலங்காயம். வாணியம்பாடியில இருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போற பாதையில இருக்கு. காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கி மையத்துக்கு ஸ்கூல் டூர் போனவங்க ஜன்னல் வழியா இந்த ஊரைப் பார்த்திருப்பீங்க.

இந்த ஊர்ப் பேர்ல ரெண்டு ஆபீஸ். ஒண்ணு பேரூராட்சி அலுவலகம். இன்னொண்ணு ஊராட்சி ஒன்றிய அலுவலகம், அதாவது ஊர்ல எல்லாரும் சொல்ற பி.டி.ஓ. ஆபீஸ். ரெண்டு பலகையிலயும் ஆலங்காயம்னுதான் இருக்கும். ஆனா ஆலங்காயம் ஒன்றியத்துக்கு ஆலங்காயம் ஊர் மேல எந்த அதிகாரமும் கிடையாது! சுத்தி இருக்கிற கிராம ஊராட்சிகள்தான் அதோட எல்லை. பேரூராட்சிக்குள்ள குடியிருக்கிறவங்க ஒன்றியக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட முடியாது, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கும் போட முடியாது. முதல்தடவை இதைப் படிச்சப்போ நான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னுதான் நினைச்சேன். தப்பில்லை, சட்டமே அப்படித்தான்.

ஏன் இப்படி ஆச்சு? இருநூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும்.

1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகள்ல ஒண்ணு பாராமகால். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கமெல்லாம் அதுல வரும். அதை நிர்வாகம் பண்ண அனுப்பினது கேப்டன் அலெக்சாண்டர் ரீட்ங்கிற ராணுவ அதிகாரியை. அவருக்கு உதவியா வந்தவர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ, பின்னாடி சென்னை கவர்னர் ஆன அதே மன்றோ. நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயிகிட்டயும் நேரடியா வரி வாங்குற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுக்க ஆரம்பிச்சுது. கலெக்டர்ங்கிற பேரே எதுல இருந்து வந்துதுன்னு யோசிச்சா விஷயம் புரிஞ்சிடும். வரி 'கலெக்ட்' பண்றவர். நம்ம மாவட்டம் பிறந்ததே ஒரு வசூல் எல்லையாத்தான். மக்கள் கூடி அமைச்ச அமைப்பு இல்லை அது.

அப்புறம் எல்லைக் கோடுகள் மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பகுதி முதல்ல சேலம் ஜில்லாவுல இருந்தது. 1911ல சித்தூர் தனி ஜில்லா ஆனப்போ, வட ஆற்காட்டோட தலைநகர் சித்தூர்ல இருந்து வேலூருக்கு வந்துச்சு, திருப்பத்தூர் தாலுகா சேலத்துல இருந்து வட ஆற்காட்டுக்கு மாறுச்சு. 1989ல வட ஆற்காடு ரெண்டாப் பிரிஞ்சு இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு. தொண்ணூறுகள்ல அது வேலூர் மாவட்டம். 2019ல திருப்பத்தூர் மாவட்டம். ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மூணு மாவட்டத்துல குடியிருந்திருக்கலாம்.

இப்போ தேர்தல் கதைக்கு வருவோம். 1882 மே மாசம் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சிக்கான தீர்மானத்தை வெளியிட்டார். அதுக்கப்புறம் 1884ல சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் வந்துச்சு. ஜில்லா போர்டு, அதுக்குக் கீழ தாலுகா போர்டு, அதுக்கும் கீழ யூனியன். சுவாரஸ்யம் என்னன்னா, இங்கிலாந்துலயே கவுன்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1888லதான் வந்துச்சு. காகிதத்துல பார்த்தா நாமதான் நாலு வருஷம் முன்னாடி! காகிதத்துலன்னு ஏன் சொல்றேன்னா, ஜில்லா போர்டுக்கு அப்போ தலைவரே கலெக்டர்தான். ஓட்டுரிமையும் வரி கட்டுற கொஞ்சம் பேருக்குத்தான். 1920 சட்டத்துக்கு அப்புறம்தான் தலைவர் பதவி தேர்தல் அரசியலோட கைக்கு வந்துச்சு. நீதிக்கட்சியும் காங்கிரஸும் ஜில்லா போர்டுகளுக்காக முட்டி மோதினாங்க. சும்மா மோதுவாங்களா? ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரம், அது எல்லாத்தோட வேலை நியமனமும் கான்ட்ராக்டும் அங்கேதான்.

ஜில்லா போர்டால என்ன பண்ண முடிஞ்சுதுங்கிறதுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்து மேல தனி வரி போட்டு, அந்தப் பணத்துல மாயவரத்துல இருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் விட்டுச்சு. 1894ல வண்டி ஓட ஆரம்பிச்சுது. ஒரு மாவட்ட உள்ளாட்சி சொந்தமா ரயில் பாதை வெச்சிருந்துது! இன்னைக்கு மாவட்ட ஊராட்சிக்கு ஒரு ரூபாய் வரி போடுற அதிகாரம்கூட இல்லை.

வீட்ல வயசானவங்க 'போர்டு ஸ்கூல்'னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அந்த போர்டு இந்த போர்டுதான்.

தாலுகா போர்டுகள் 1930கள்லயே போயிடுச்சு. ஜில்லா போர்டுகளை 1958 சட்டங்கள் முடிச்சு வெச்சுது. 1960 அக்டோபர் 2ல இருந்து கட்டம் கட்டமா பஞ்சாயத்து யூனியன்கள் வந்துச்சு. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி'னு கிராமத்துல பார்க்குற பலகை அந்த மாற்றத்தோட மிச்சம். அதிகாரம் மக்களுக்குக் கிட்ட வரட்டும்ங்கிற நியாயம் அதுல இருந்துச்சு, மறுக்கலை. ஆனா மாவட்ட மட்டத்துல என்ன வெச்சாங்க? மாவட்ட வளர்ச்சி மன்றம். அதுக்குத் தலைவர் யாரு? திரும்பவும் கலெக்டர். 1958ல இருந்து 1996 வரைக்கும் தமிழ்நாட்டுல மக்கள் நேரடியாத் தேர்ந்தெடுத்த மாவட்ட அமைப்புன்னு ஒண்ணு கிடையாது.

அந்த இடைவெளியில இந்த வட்டாரத்துல என்ன நடந்துதுன்னு பாருங்க. 1970களோட தொடக்கத்துல மத்திய அரசு, பாதி பதப்படுத்தின தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. முழுசாப் பதப்படுத்தி, ஷூவா, பையா அனுப்புங்கன்னு சொல்லிச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பெருசாச்சு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தின இடத்துல குரோமியம் நிறைய வந்துச்சு. வேலை வந்துச்சு, சம்பளம் வந்துச்சு, கழிவு பாலாத்துக்குப் போச்சு.

தோல் ஷாப்புக்கு லைசென்ஸ் தர்ற அதிகாரம் பழைய நகராட்சிச் சட்டத்திலேயே ஊர் உள்ளாட்சிகிட்ட இருந்தது. ஆனா ஆறு எந்த ஊருக்குச் சொந்தம்? ஒரு ஊர் எல்லையில விழுற கழிவு அடுத்த ஊர்க் கிணத்துல ஏறும். அந்த ஊர்க்காரர் இந்த ஊர் கவுன்சிலர்கிட்ட போய்க் கேக்க முடியாது, ஓட்டு அங்கே இல்லை. எல்லா ஊரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய இடம் மாவட்டம். அங்கே நாற்காலி ஒண்ணுதான் இருந்தது, அதுல கலெக்டர் இருந்தார்.

கடைசியில வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, சட்டம் படிக்கிறவங்க எல்லாருக்கும் மனப்பாடம். தோல் தொழிற்சாலைப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழாகியிருக்குன்னு ஒரு ஆய்வு சொன்னது அந்தத் தீர்ப்புல பதிவாகியிருக்கு. வட ஆற்காடு அம்பேத்கர் உள்பட 5 மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொண்ணும் 10,000 ரூபாய் அபராதம் கட்டணும்னு உத்தரவு. எங்கே கட்டணும்? கலெக்டர் ஆபீஸ்ல. வசூல்ல ஆரம்பிச்ச பதவி, இருநூறு வருஷம் கழிச்சும் வசூல்தான்.

தேர்ந்தெடுத்த ஜில்லா போர்டு இருந்திருந்தா பாலாறு பிழைச்சிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். தோல் முதலாளிகளே அந்த போர்டுல உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனா கிணறு கெட்டுப்போன விவசாயியும் ஓட்டு வெச்சிருந்திருப்பார், கூட்டத்துல எழுந்து கேட்டிருப்பார், நிமிடப் புத்தகத்துல ஏறியிருக்கும். டெல்லிக்குப் போறதுக்கு முன்னாடி சண்டை போட ஒரு இடமாவது இருந்திருக்கும்.

73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 தேர்தல். மாவட்ட ஊராட்சி திரும்ப வந்துச்சு. ஆனா திருத்தமே ரெண்டு: கிராமத்துக்கு ஒண்ணு, நகரத்துக்கு ஒண்ணு. ஆரம்பத்துல சொன்ன ரெண்டு ஆபீஸ் குழப்பத்தோட வேர் இங்கேதான். கிராமம், ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஒரு வரிசை. பேரூராட்சி வேற வரிசை, அதோட மேலிடம் சென்னை. ரெண்டும் சந்திக்கிற ஒரே இடம் மாவட்டத் திட்டக் குழு. மாவட்ட ஊராட்சித் தலைவர் அதுக்குத் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா திட்டத்தைத் தொகுக்கிற குழு அது, செலவு பண்ற பணம் அதோட கையில இல்லை. பக்கத்துல கேரளா அதே 1996ல திட்ட நிதியில 35 முதல் 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குறோம்னு இறங்குச்சு. இங்கே 1994 சட்டத்துல கலெக்டருக்கு இன்னொரு பேரும் இருக்கு: ஊராட்சிகளின் ஆய்வாளர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்த கிராமத் தலைவருக்கு நோட்டீஸ் கொடுத்துப் பதவியில இருந்து நீக்குற முடிவு வரைக்கும் அவர்கிட்ட இருக்கு.

கிராமமா நகரமாங்கிறது வெறும் பேர்ப்பலகை விஷயம் இல்லைங்க. 2004ல தமிழ்நாடு 561 பேரூராட்சிகளை ஒரே அடியில 'சிறப்பு சிற்றூராட்சி'ன்னு மாத்துச்சு. கிராமத்துக்கு வர்ற மத்திய நிதி கிடைக்கும்ங்கிறது கணக்கு. 2006ல ஆட்சி மாறினதும் திரும்பப் பேரூராட்சி. 2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான்னு இருந்துச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கு வேலை அட்டை, இந்தப் பக்கம் இருந்தவங்களுக்குச் சட்டப்படி கிடையாது. 2025 தொடக்கத்துல பல ஊர்கள்ல "எங்களை நகராட்சியில சேர்க்காதீங்க"ன்னு மக்கள் ரோட்டுக்கு வந்தது இதனாலதான்.

இனி 2019. வேலூர் மாவட்டம் ரொம்பப் பெருசு, அரக்கோணத்துல இருந்து ஆலங்காயம் வரைக்கும் நீளும். மனு கொடுக்க வேலூர் வரைக்கும் போறது ஒரு நாள் கூலி போற விஷயம். அதனால மூணாப் பிரிச்சது நல்ல முடிவுன்னுதான் நான் சொல்வேன். ஆகஸ்ட் 15 அன்னைக்கு முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிச்சார், நவம்பர் 28ல திருப்பத்தூர் மாவட்டம் தொடங்கிடுச்சு. மூணரை மாசம்!

ஆனா அதே நேரத்துல உள்ளாட்சித் தேர்தல் நிலுவையில இருந்தது. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டியதை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணியிருந்துச்சு. அதுக்கப்புறம் தனி அலுவலர்கள் ஆட்சி. புது மாவட்டங்கள் பிறந்ததும் வார்டு எல்லை பிரிக்காம எப்படித் தேர்தல் நடத்துறதுன்னு கேள்வி வந்துச்சு. 2019 டிசம்பர் 6ல உச்ச நீதிமன்றம், பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களை விட்டுட்டு மத்ததுல நடத்துங்கன்னு சொல்லிடுச்சு. ஒன்பதுல திருப்பத்தூரும் ஒண்ணு. நாலு மாசத்துல வார்டு பிரிச்சு முடிங்கன்னு கெடு. நடுவுல கொரோனா, அவகாசம், மறுபடி அவகாசம். கடைசியா 2021 அக்டோபர் 6, 9 தேதிகள்லதான் இங்கே கிராமப்புறத் தேர்தல். பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19.

கலெக்டர் வர மூணரை மாசம், கவுன்சிலர் வர ரெண்டு வருஷத்துக்கு மேல. 2016ல இருந்து எண்ணினா, தெருவிளக்கு எரியலைன்னா கேக்குறதுக்கு ஓட்டு வாங்கின ஆள் இல்லாத காலம் அஞ்சு வருஷம், ஒரு முழுப் பதவிக் காலம். தேர்தல் நடக்காத உள்ளாட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வெச்சாங்க. அந்த வருஷங்கள்ல பதினெட்டு வயசு ஆன ஒருத்தர், தன்னோட முதல் உள்ளாட்சி ஓட்டை இருபத்தி மூணு வயசுல போட்டிருக்கலாம்.

இப்போ ஆலங்காயத்துல ரெண்டு காலண்டர் ஓடுது. ஒன்றியத்துக்கும் கிராமங்களுக்கும் 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச அஞ்சு வருஷம் 2026 அக்டோபர்ல முடியுது. ஊருக்குள்ள பேரூராட்சிக் கணக்கு 2027 வரைக்கும் போகுது. மத்த மாவட்டக் கிராமங்கள்ல 2025 ஜனவரி 5லேயே பதவிக் காலம் முடிஞ்சு, திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தாச்சு. கலெக்டர் நாற்காலிக்குப் பதவிக் காலம்னு ஒண்ணு கிடையாது. ஒருத்தர் மாறிப் போனா அடுத்தவர் வந்து சார்ஜ் எடுத்துக்குவார், திங்கட்கிழமை மனு வாங்குவார்.