கயிறில்லாத பாட்டு: நெய்தல் மரபும் அம்பாவும்

கடற்கரை உழைப்புப் பாடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வம்சாவளியை எழுதிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். சங்க நெய்தல், சிலம்பின் கானல்வரி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி மீனவர் வாயிலுள்ள அம்பா. மேலே ஏடு, கீழே வாய். பழம்பாடல்களைப் பாமரர்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள் என்று பெருந்தன்மையோடு ஒரு வரி. இந்த வம்சாவளியை என்னால் நம்ப முடியவில்லை.

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். இது பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு தோண்டியெடுக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். ஆனால் ஊரை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மாசி மகத்துக்குப் பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகசாமி கிள்ளைக் கடற்கரை வரை போய்த் தீர்த்தவாரி முடித்து வருகிறார். இங்கே லாரியில் கனத்த எந்திரத்தை ஏற்றும்போதும் 'ஐலசா'தான் போடுகிறார்கள். கடலையே பார்க்காத ஆளும் போடுகிறான்.

இங்குள்ள பொம்மைப் பட்டறையில் முதலில் ஒருவர் கையால் ஒரு மாதிரி செய்கிறார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். அச்சில் களிக்கரைசலை ஊற்றினால் வரிசையாகப் பொம்மைகள். அச்சு தேய்ந்து போச்சென்றால் பொம்மையிலிருந்தே மறு அச்சு. கொஞ்ச நாளில் அச்சுதான் மூலம் என்றாகிவிடுகிறது. கையால் செய்தவர் யார் நினைவிலும் இல்லை. எழுத்திலக்கியத்தை நான் இப்படி ஓர் அச்சாகவே பார்க்கிறேன்.

'ஏலேலோ' என்ற ஒலிக்கே ஒரு மேட்டிமை வம்சம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். மயிலாப்பூர்க் கப்பல் வணிகன் ஏலேலசிங்கன், வள்ளுவருக்கு நண்பனோ மாணவனோ. அவன் கப்பல் தரைதட்டி நிற்க, வள்ளுவர் கை வைத்ததும் நகர்ந்ததாம். அவன் பெயரைச் சொல்லி இழுத்ததில் 'ஏலேலோ' வந்ததாம். கதையில் கப்பல் வணிகனுடையது, மகிமை புலவருடையது. இழுத்தவன் எவன்? அவனுக்குப் பெயரில்லை. தெலுங்குக் கரையிலும் மலையாளக் கரையிலும் இதே 'ஐலசா' கேட்கிறதே, அங்கெல்லாமும் ஏலேலசிங்கனா கப்பல் விட்டான்? கரைவலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு அணிகள் கரையிலிருந்து இழுக்கின்றன. இரண்டு அணியும் ஒத்து இழுக்காவிட்டால் வலை கோணும், மீன் தப்பும். அதனால் ஒருவர் எடுத்துக்கொடுக்கிறார், மற்றவர்கள் திருப்புகிறார்கள். உயிரொலி நீளும்போது மூச்சு சேர்கிறது. வெட்டும் இடத்தில் கை இழுக்கிறது. இதற்குப் புலவர் வந்து சொல் எடுத்துத் தர வேண்டியதில்லை.

அப்படியானால் பழம்பாடல்களில் இந்தக் கயிறே இல்லையா என்றால், இருக்கிறது. அகநானூற்றின் 30-வது பாட்டைப் பாருங்கள். நீண்ட கயிறு, சிறிய கண் வலை, இளையவரும் முதியவரும் உறவோடு கூடி இழுக்கிறார்கள். உமணரின் உப்பு வண்டி இழுக்கும் எருதுகளைப் போல என்று உவமை. கரை ஒலிக்க இழுக்கிறார்களாம். வெறும் பாத்திரத்தோடு வந்து கேட்டவர்களுக்கு அது நிறைய மீன் போடுகிறார்கள். இன்றைக்கும் கரைவலைக்காரரிடம் வாசித்துக் காட்டினால் 'ஆமா, இப்படித்தான்' என்பார். ஆனால் ஓரிடம் இடிக்கிறது. கரை 'ஒலித்தது' என்றுதான் பாட்டு சொல்கிறது. அந்த ஒலி என்ன, அதற்குள் என்ன சொற்கள் இருந்தன? எருதின் முனகலைப் போல ஓர் ஓசையாக மட்டும் அது பதிவாகி, பாட்டு தலைவன்-தலைவி விவகாரத்துக்குப் போய்விடுகிறது.

இது அந்தப் புலவரின் தனிப்பட்ட குறை அல்ல. திணை இலக்கணத்தின் ஏற்பாடே அப்படி. வலை இழுப்பது கருப்பொருள், இரங்கல் உரிப்பொருள். உழைப்பு பின்னணிக்குத் தள்ளப்பட்டு, உணர்ச்சி மட்டும் பொருளாகிறது. கானல்வரியில் இது இன்னும் ஒரு படி போகிறது. பரதவர் பெண்ணின் அழகும் ஏக்கமும் பாட்டாகின்றன. பாடுகிறவர்களோ யாழோடு புகார்க் கடற்கரையில் அமர்ந்திருக்கும் கோவலனும் மாதவியும். வரி என்ற வடிவம் மக்களிடமிருந்து வந்தது என்பதை நம் அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு அம்பாவுக்கு மட்டும் ஏன் தலைகீழ் வம்சம்?

பாரதியையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். குயில் பாட்டில் தான் மனம் பறிகொடுத்த இசைகளை அடுக்குகிறார். ஏற்றப்பாட்டு, நெல் இடிக்கும் பெண்கள், சுண்ணம் இடிப்பவர்கள், பண்ணை மடவார், கும்மி எல்லாம் வருகின்றன. உழைப்பின் இசைக்கு இப்படி இடம் கொடுத்தவர் அவருக்கு முன் அதிகம் பேர் இல்லை. கடலும் பட்டியலில் உண்டு. ஆனால் அங்கே கடல் தானே பாடுகிறது. புதுவைக் கரையில் வலை இழுத்தவர் பாட்டு பட்டியலில் இல்லை.

மேலிருந்து கீழே வருவதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1964-ல் வந்த 'படகோட்டி'க்கு வாலி எழுதிய பாட்டுகள் கரையோரக் குப்பங்களில் சொந்தப் பாட்டாகவே ஆகிவிட்டன. ஆனால் அவற்றைப் பாடி யாரும் வலை இழுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு முதியவரிடம் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, "ஒரு அம்பா பாடுங்களேன் ஐயா" என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு வரி சொன்னார், நின்றுவிட்டது. "கயிறு இல்லாம எப்படி தம்பி வாய் வரும்?" என்றார். பேரப்பையன்களைக் கூப்பிட்டுக் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்தார். பாட்டு வந்தது. வலைக்காரர் மேல் வசவும் வந்தது, பங்கு குறைத்தவனின் கஞ்சத்தனம் வந்தது, அச்சில் ஏற்ற முடியாத கேலியும் வந்தது, பையன்கள் சிரித்தார்கள். தொகுப்புகளில் நாம் படிக்கிற 'இனிய நெய்தல் பாடல்'களில் முதலில் வெட்டுப்படுவது இந்த இடங்கள்தான்.

1950-களில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்திய-நோர்வே திட்டம் தொடங்கியது. அதையடுத்து நம் கரைகளுக்கும் விசைப்படகு வந்தது. பாட்டு போனதற்கு எந்திரமே காரணம் என்று ஏக்கத்தோடு எழுதுவது சுலபம். கரைவலையில் கயிற்றைப் பிடித்த கைக்குப் பாட்டில் மட்டுமல்ல, மீனிலும் பங்கு உண்டு. கை போனால் பங்கும் போச்சு என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. ஈழத்தின் வடக்குக் கரைகளில் இது பகிரங்கத் தகராறாகவே ஆகியிருக்கிறது. உழவு இயந்திரத்தில் சுழலியைப் பூட்டிக் கரைவலை இழுக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் சம்மாட்டிகள். தடை செய் என்கிறவர்கள் அம்பாவுக்காகக் கேட்கவில்லை; இழுகூலிக்காகவும், அரிபடும் கடலடிக்காகவும் கேட்கிறார்கள்.