பீச் ஸ்திரீட் தீயணைப்பு நிலையமும் ஜார்ஜ்டவுன் பழைய நகரமும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாயும் காட் லெபோ சூலியாவும் சந்திக்கும் முனையில் கோபுரத்துடன் நிற்கிறது லெபோ பந்தாய் தீயணைப்பு மீட்பு நிலையம். பீச் ஸ்திரீட் நிலையம் என்றால் ஊர்மக்களுக்கு உடனே விளங்கும். 1908ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இந்த நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. தெருப்பெயரில் உள்ள ‘காட்’ என்பது படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல். கடலைத் தூர்த்து நிலம் சேர்ப்பதற்கு முன்பு லெபோ பந்தாய்தான் கடற்கரைச் சாலையாக இருந்தது.

நகராட்சியிலிருந்து கூட்டரசுக்கு

1786இல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய குடியேற்றத்தில் தொடக்க கால வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை. அவை பலமுறை தீக்கு இரையாயின. அதன் பிறகே செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் பரவின. தீயணைப்புப் பணி நெடுங்காலம் உள்ளூர் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகர் தகுதி பெற்றது. 1976 ஜனவரி 1 முதல் நாட்டின் தீயணைப்புச் சேவைகள் கூட்டரசின் கீழ் ஒன்றிணைக்கப்பட்டன. நாம் அன்றாடம் சொல்லும் ‘போம்பா’, நீர் இறைக்கும் பம்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லாகும்.

நிலையம் காக்கும் வட்டாரம்

2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. அதன் மையப் பகுதி 109.38 ஹெக்டர். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833ஆம் ஆண்டின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும் இதற்குள் உள்ளன. தமிழர்கள் ‘கடைத்தெரு’ என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டும், அதைச் சுற்றிய லிட்டில் இந்தியாவும் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான்.

இங்குள்ள கடைவீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு, தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. மாடித்தளம், படிக்கட்டு, கூரைச்சட்டம் எல்லாமே மரம். இரு வீடுகளுக்கு இடையிலான பொதுச்சுவர் செங்கல். அது கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் இடங்களில் தீ அடுத்த வீட்டுக்குத் தாவுவது தாமதப்படும். அந்தச் சுவரை உடைத்து இரு கடைகளை ஒன்றாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வெல்ட் கீ கரையோரம் உள்ள சீனக் குலத்தவர் படகுத்துறைக் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. லிம், சியூ, டான், லீ, இயோ குடும்பப் பெயர்களைத் தாங்கிய இந்த வீடுகள் கடல்மேல் கால் ஊன்றி நிற்கின்றன. பலகை நடைபாதையில் தீயணைப்பு வண்டி போக முடியாது. வண்டி கரையில் நிற்க, வீரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும்.

ஆள் இல்லாத வீடு

ஒரு காலத்தில் புகையைக் கண்டறியக் கோபுரத்தில் ஆள் நின்று பார்ப்பது வழக்கம். இன்று அந்த வேலையைச் செய்வது அக்கம்பக்கத்தாரின் கண்கள்தான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அதன் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் வெளியேறினர். பகலில் கடை, இரவில் பூட்டு என்றான வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் முதல் புகையைப் பார்க்க ஆள் இருக்காது. பழைய கட்டடத்தைக் காப்பதற்கு வண்ணம் பூசினால் மட்டும் போதாது. அதில் மக்கள் வாழவும் வேண்டும் என்பதைத் தீயணைப்பின் கணக்கும் சொல்கிறது.

குடியிருப்பாளர்கள் கவனத்திற்கு

பழைய மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின் தொழிலாளியைக் கொண்டு சோதிக்க வேண்டும். கடையிலோ வழிபாட்டிடத்திலோ விளக்கு எரியும்போது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கற்பூரம், எண்ணெய், துணி ஆகியவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். பின்சந்தும் ஐந்தடி நடைபாதையும் தடையின்றி இருக்கட்டும். சாலையோரத் தீயணைப்பு நீர்க்குழாயை மறைப்பது 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டப்படி குற்றமாகும். புகையைக் கண்டதும் முதலில் 999க்கு அழைத்து, தெருப் பெயரையும் கடை எண்ணையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலையம் அருகில்தான் இருக்கிறது. ஆனால் தகவல் போனால்தான் வண்டி புறப்படும்.